பதினேழாவது பையன்

2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், மகளோடு சில மாதங்கள் இருந்துவிட்டு வரலாம் என்று அமெரிக்காவில் டெட்ராய்ட் நகருக்குப் போயிருந்தேன். தில்லியில் இத்தனை வருடம் இருந்தும் கிரிக்கெட்டைத் தவிர வேறு விளையாட்டை ஏறெடுத்தும் பார்க்காதவன் நான். போன இடத்தில் ஊரே திருவிழாக் கோலம் பூண்டிருந்தது. விசாரித்தால், அங்கே ஆட்டமே இல்லையாம். அமெரிக்கக் கால்பந்து அணிகள் கல்லூரிப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' நடக்கிறதாம். மூன்று நாளில் 7 லட்சத்து 75 ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். பெயர்களை வாசிப்பதைக் கேட்க இத்தனை கூட்டமா என்று மலைத்துப் போனேன்.

பதின்மூன்று வயதுப் பேரன்தான் எனக்கு ஆசிரியர். "இது ஐ.பி.எல். ஏலம் மாதிரி இல்லை தாத்தா. யாரும் விலை கேட்க மாட்டாங்க" என்று ஆரம்பித்தான்.

மொத்தம் 32 அணிகள், ஏழு சுற்றுகள். போன பருவத்தில் எந்த அணி மிக மோசமாக ஆடியதோ, அதற்கே முதல் வாய்ப்பு. பட்டம் வென்ற அணிக்குக் கடைசி வாய்ப்பு. நம் ஊர் கவுன்சிலிங்கில் முதல் ரேங்க் வாங்கிய பையன் முதலில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிறான். இங்கே அணிதான் பையனைத் தேர்ந்தெடுக்கிறது. அதுவும் ஃபெயிலான அணி முதலில்! எல்லா அணிகளும் ஓரளவு சமபலத்தோடு இருக்க வேண்டும் என்பதற்காக 1936இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய ஏற்பாடு இது. அன்று முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டத்தில் கடைசிவரை கால் வைக்கவே இல்லை என்பது வேடிக்கை.

பேரனுக்கு 'வைடு ரிசீவர்' என்றால் உயிர். குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை வீசுவார். மைதானத்தின் ஓரமாக நின்று புறப்பட்டு, முன்பே பேசி வைத்த தடத்தில் ஓடி, கூடவே விரட்டி வரும் எதிராளியை ஏமாற்றி, ஓட்டத்திலேயே பந்தைப் பிடிப்பவர் வைடு ரிசீவர். இவரைத் தேர்ந்தெடுப்பதுதான் அணிகளுக்குப் பெரிய தலைவலி.

ஏன் தலைவலி? அளக்கக்கூடியதை எல்லாம் அளந்து விடுகிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் இண்டியானாபொலிஸ் நகரில் இதற்கென்று ஒரு பரீட்சை. 40 கஜத்தை எத்தனை நொடியில் ஓடுகிறான், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் எம்புகிறான் என்று பார்க்கிறார்கள். கையை விரித்து, கட்டை விரல் நுனியிலிருந்து சுண்டு விரல் நுனி வரை அளக்கிறார்கள். நம் பாட்டிகள் பூவை அளந்த அதே சாண் கணக்கு! ஆனால் அளவில் அகப்படாத ஒன்று எப்போதும் மிச்சம் இருந்து விடுகிறது.

2017இல் ஜான் ராஸ் என்ற இளைஞர் 40 கஜத்தை 4.22 நொடியில் ஓடி, அதுவரை இருந்த சாதனையை முறியடித்தார். சின்சினாட்டி அணி அவரை ஒன்பதாவதாக எடுத்தது. காயங்கள் துரத்தின, ஒரு பருவத்தில்கூட அவரால் ஆயிரம் கஜம் எட்ட முடியவில்லை. மாறாக, 1985இல் மிஸிஸிப்பியின் ஒரு சிறிய கல்லூரியிலிருந்து வந்தவர் ஜெர்ரி ரைஸ். அப்பா கொத்தனார். தமையன்மார் தூக்கிப் போடும் செங்கற்களைப் பிடித்துப் பிடித்துப் பழகிய கை. அந்த ஆண்டு இரண்டு ரிசீவர்கள் அவருக்கு முன்னால் எடுக்கப்பட்டார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ அணிதான் வேறொரு அணியோடு பேரம் பேசி, முன்னால் நகர்ந்து, 16ஆவது இடத்தில் அவரை எடுத்தது. அவர் சேர்த்த 22,895 கஜத்தை இன்றுவரை எவரும் நெருங்கவில்லை.

டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் கதை இன்னும் ருசிகரம். 2003, 2004, 2005 என்று தொடர்ந்து மூன்று வருடம் முதல் சுற்றில் ரிசீவரையே எடுத்தார்கள். 2003இல் இரண்டாவது இடத்தில் எடுத்த சார்லஸ் ராஜர்ஸ், அதே மிச்சிகன் மாநிலத்துப் பிள்ளை. முதல் இரண்டு பருவத்திலும் காறை எலும்பு முறிந்தது. அதன்பிறகு அவர் ஆட்டம் எழவே இல்லை. 2019இல் 38 வயதில் காலமாகி விட்டார். 2005இல் எடுத்தவரும் சோபிக்கவில்லை. அப்படியும் சளைக்காமல் 2007இல் மறுபடி ஒரு ரிசீவரை எடுத்தார்கள். அவர்தான் கால்வின் ஜான்சன். ஆறடி ஐந்தங்குல ஆகிருதி. 2012இல் ஒரே பருவத்தில் 1,964 கஜம் சேர்த்துச் சாதனை படைத்தார். அப்பேர்ப்பட்டவர் இருந்தும், 2008இல் அந்த அணி ஆடிய 16 ஆட்டங்களிலும் தோற்றது! ஒற்றை ஆளால் தேர் நகராது என்பது எந்த ஊருக்கும் பொது.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுப் பேரன் தன் சட்டையைக் காட்டினான். முதுகில் 14 என்ற எண். அமோன்-ரா செயின்ட் பிரவுன் என்பவருடைய சட்டை. 2021இல் அவருக்கு இரண்டு நாள் காத்திருந்தும் அழைப்பு வரவில்லை. மூன்றாம் நாள், நான்காவது சுற்றில், 112ஆவது ஆளாக டெட்ராய்ட் எடுத்தது. அவருக்கு முன்னால் அந்த வருடம் 16 ரிசீவர்கள் எடுக்கப்பட்டிருந்தார்கள். இவர் பதினேழாவது. அந்தப் பதினாறு பேருடைய பெயரையும் அவர் மறக்கவில்லை. கேட்டால் வரிசையாக ஒப்பிப்பார். பயிற்சி முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகும், இயந்திரம் வீசும் பந்துகளில் 202ஐப் பிடித்துவிட்டுத்தான் போவாராம். 2023 பருவத்தில் 119 பந்துகள் பிடித்து 1,515 கஜம் சேர்த்தார். டிராஃப்ட் தொடங்குவதற்கு முதல் நாள்தான், நான்கு வருடத்துக்கு 12 கோடி டாலர் என்று அவரோடு புது ஒப்பந்தம் செய்திருந்தார்கள்.

தேர்வாளர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. அந்தப் பதினாறில் முதலாவதாக எடுக்கப்பட்ட ஜமார் சேஸும் பிற்பாடு முதல்தர ஆட்டக்காரராகவே விளங்கினார். கணக்கு பல சமயம் சரியாக வருகிறது. சில சமயம்தான் தப்பு. அந்தத் தப்பு யார் தலையில் விழுகிறது என்பதுதான் விஷயம்.

பேரன் அந்தப் பதினாறு பெயரையும் மூச்சு விடாமல் ஒப்பித்தான். "எதுக்குடா வேண்டாதவங்க பேரை எல்லாம் மனசுல வெச்சிண்டு இருக்கணும்? மறந்துட்டுப் போக வேண்டியதுதானே!" என்று சிரித்தேன்.

சமையலறையிலிருந்து மகள் சொன்னாள்: "எனக்கும் ஒரு நம்பர் ஞாபகம் இருக்குப்பா. 2,846."

எனக்குப் புரியவில்லை. அவள்தான் சொன்னாள். 1996இல் எழுதிய மருத்துவ நுழைவுத் தேர்வில் அவளுடைய ரேங்க். இடம் கிடைக்கவில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்த நண்பர்களிடம், அவள் காப்பி கொண்டு வந்து வைக்கும்போதே, "இவளுக்கு அவ்வளவுதான் எழுதியிருக்கு" என்று நான் சொன்னேனாம். எனக்கு அந்த எண்ணும் நினைவில்லை. சொன்ன வார்த்தையும் நினைவில்லை. அவளுக்கு இரண்டும் நினைவிருந்தது. பி.எஸ்ஸி. சேர்ந்து, மேலே படித்து, இன்று அங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பத்துப் பேருக்குத் தலைமை தாங்குகிறாள். என் நண்பர்களிடம் இப்போது அதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"சொன்னது தப்பும்மா" என்றேன். அதற்கு இருபத்தெட்டு வருடம் ஆகியிருந்தது. "போகட்டும்ப்பா, தோசை ஆறிடும், வாங்க" என்றாள்.

சொந்த ஊரை விட்டு வந்த நமக்குப் பிள்ளைகளின் மார்க்குதான் சொத்து. அதனால் தேர்வு முடிவு வரும் மாதங்களில் நம் வீடுகளில் எல்லாம் ஒரு டிராஃப்ட் நடக்கிறது. ஒரு தேர்வில் ரேங்க் போடுவது அவர்கள் வேலை, அவர்கள் போட்டுக்கொள்ளட்டும். வீட்டில் நாமும் ஒரு முறை அதை வாய்விட்டு வாசிக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் மறப்பதில்லை.