செம்பையின் குரலும் சௌடையாவின் ஏழு தந்தியும்

செம்பை வைத்தியநாத பாகவதர் பாடினால் கடைசி வரிசைக்காரர் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியதில்லை. 1896இல் பிறந்த, பாலக்காட்டை அடுத்த கோட்டாயியைச் சேர்ந்த அவருக்கு வாய்த்தது கணீரென்ற வெண்கலச் சாரீரம். திண்டாட்டமெல்லாம் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வயலின் வாசித்தவருக்குத்தான். அவர் மைசூர் டி. சௌடையா. மிருதங்கத்தில் பாலக்காடு மணி ஐயர். இந்த மூவர் கூட்டணிக்கு அன்று இருந்த மவுசு பெரிது. ஆனால் ஒரு பக்கம் அந்தக் குரல், மறுபக்கம் அந்த மிருதங்கம். நடுவில் அரைக்கிலோவுக்கும் குறைவான ஒரு மரப்பெட்டி.

தன் வாசிப்பு பின்வரிசைக்குப் போய்ச் சேரவில்லை என்ற குறை சௌடையாவை அரித்தது. பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் பல ஆண்டு குருகுலமாகப் பயின்றவர் அவர். வில்லை இன்னும் அழுத்தினால் சத்தம் கூடாது, கரகரப்புத்தான் கூடும் என்று கைக்கே தெரியும். ஆகவே வில்லை விட்டுவிட்டு வாத்தியத்தில் கை வைத்தார். நாலு தந்தி வயலினில் மேலும் மூன்று தந்திகளைக் கட்டினார். ஜோடி சேர்ந்த தந்திகள் ஒன்றுக்கொன்று ஒரு ஸ்தாயி விலகி நிற்கும். ஒரே வில் வீச்சில் இரண்டும் பேசும்.

மூன்று தந்தி கூட்டினால் சத்தம் கூடிவிடுமா? கணக்குப் போட்டுப் பார்த்தால் முதலில் ஏமாற்றமே மிஞ்சும். ஒலியின் ஆற்றலை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். இரண்டு மடங்கு சத்தம் என்று காதுக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு ஆற்றல். அப்படியானால் சௌடையா கண்ட பலன் எங்கிருந்து வந்தது?

அதற்கு வில்லடியில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். வில்லின் குதிரைமுடியில் ரோசின் தேய்த்திருப்பார்கள். அந்தப் பிசுக்கால் தந்தி முடியோடு ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் இழுபடும். ஓர் எல்லை தாண்டியதும் வழுக்கித் திரும்பும். உடனே மறுபடி ஒட்டிக்கொள்ளும். நொடிக்கு 300 அதிர்வுள்ள சுரம் என்றால் நொடிக்கு 300 முறை இந்த ஒட்டலும் வழுக்கலும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ், இதற்கென்று ஓர் உருப்பெருக்கி அமைத்து இந்த அசைவைப் பிடித்தார். வெறும் கண்ணுக்குத் தந்தி முழுதும் வில்லாக வளைந்து ஆடுவது போலத்தான் தெரியும். உண்மையில் தந்தியில் கூர்மையான ஒரு மடிப்பு விழுகிறது. அந்த மடிப்பு தந்தி நெடுகிலும் ஓடிப் போய்த் திரும்பி வருகிறது. வரும்போதெல்லாம் தந்தியை வில்லின் பிடியிலிருந்து உதறி விடுகிறது.

மடிப்பு கூர்மையாக இருப்பதால்தான் வயலினின் நாதத்தில் அத்தனை செழுமை. 300 என்ற அடிப்படைச் சுரத்தோடு 600, 900, 1200, 1500 என்று மேற்சுரங்கள் வரிசையாகக் கூடவே எழும். ஸ்தாயி தள்ளிச் சேர்த்த தந்தி 600இல் தொடங்கும். அதன் மேற்சுரங்கள் 1200, 1800, 2400, 3000. இவை எல்லாமே முதல் தந்தியின் வரிசையில் ஏற்கெனவே உள்ளவை. அதனால் இரண்டாவது வயலின் ஒன்று புகுந்துவிட்டதாகக் காது நினைக்காது. ஒரே சுரம் பளபளப்பேறி வந்ததாகத்தான் கேட்கும். கூடிய ஆற்றலும் மேல்பக்கமாகப் போய்ச் சேருகிறது. நம் காதுத் துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய். அது தானாகவே ஒத்ததிர்வது 3000 அதிர்வுக்கு அருகில். காது கூர்மையாக இருப்பதும் அந்த வட்டாரத்தில்தான். சௌடையா இந்தக் கணக்கெல்லாம் போட்டிருக்க மாட்டார். கூட்டியது கொஞ்சம், கூட்டிய இடம் சரியான இடம்.

ஐரோப்பாவின் கச்சேரி மண்டபங்களில் வயலினுக்குத் தந்தி கூட்டும் தேவை இருக்கவில்லை. பிராகை ஒட்டிய மிஹ்லேயில் 1880இல் ஒரு தோட்டக்காரரின் மகனாகப் பிறந்த செக் கலைஞர் யான் குபெலிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். விரலையும் வில்லையும் ஆயிரக்கணக்கான குட்டிப் பயிற்சிகளாகப் பிரித்துப் பாடம் எழுதிய ஒட்டாகார் ஷெவ்ச்சிக்கிடம் கற்று, 1898இல் வியன்னாவில் அரங்கேறி, பிறகு உலகம் சுற்றினார். பின்னாளில் 1715இல் செய்யப்பட்ட ஸ்ட்ராடிவேரியஸ் ஒன்று அவர் கைக்கு வந்தது. விலை மதிப்பற்ற வாத்தியம், சந்தேகமில்லை. ஆனால் அவருக்குப் பெருந்துணையாக இருந்தவை சுவர்கள். பிராகில் 1885இல் திறந்த ருடால்ஃபினம் மாதிரியான மண்டபத்தில், மேடையிலிருந்து சில மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே, நேராக வரும் ஒலியைவிடச் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலிதான் அதிகம். வில்லை எடுத்த பிறகும் நாதம் ஒன்றிரண்டு நொடி தங்கும்.

பாலக்காட்டு உற்சவக் கச்சேரிக்கு ஏது சுவர்? மேலே ஓலைப் பந்தல், மூன்று பக்கமும் திறந்த வெளி, கீழே ஜமக்காளம். போன ஒலி போனதுதான். தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். 2 மீட்டரில் உட்கார்ந்திருக்கும் மிராசுதாருக்குக் கிடைப்பதில் 256இல் ஒரு பங்குதான் 32 மீட்டரில் நிற்பவருக்கு. போதாததற்கு நம் வித்வான்கள் தரையில் சம்மணமிட்டு, வயலின் தலையைக் கால்மேல் சாய்த்து வாசிப்பவர்கள். ஒலி கிளம்பும் உயரமே முன்வரிசைக்காரரின் தலை மட்டம். வேட்டியும் புடவையுமாக நெருக்கி உட்கார்ந்த கூட்டம் அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும்.

காற்று வேறு. மேற்குத் தொடர்ச்சி மலை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கும் இடம் பாலக்காட்டுக் கணவாய். கல்பாத்தித் தேர் ஓடும் ஐப்பசி, கார்த்திகையில் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து கீழ்க்காற்று அதன் வழியே கிளம்பும். தரையோரம் மெதுவாகவும் உயரத்தில் வேகமாகவும் வீசும் காற்று ஒலியின் பாதையை வளைக்கும். காற்றோடு போகும் ஒலி தரையை நோக்கிக் கவியும். எதிர்த்துப் போகும் ஒலி வானத்தை நோக்கி எழும்பிவிடும். மேடைக்குக் கிழக்கே நிற்பவர் தலைக்கு மேல் ராகம் போய்க்கொண்டிருக்கும். அவர் வித்வானைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

ஏழு தந்தி வயலினை ஒரு வித்வானின் விசித்திர ஆசை என்று சிலர் ஒதுக்குவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுவரில்லாத ஊரில், சுவர் செய்ய வேண்டிய வேலையில் கொஞ்சத்தை வாத்தியத்துக்குள்ளேயே செய்து பார்த்த முயற்சி அது. வயலினே நம் ஊருக்கு வந்து அப்போது நூறு வருஷத்துக்குச் சற்று மேல்தான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834இல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் ஒரு வயலின் தந்தார். மேற்கத்திய சுருதியை அவிழ்த்து ஸ-ப-ஸ-ப என்று மாற்றிக் கட்டியவர்கள் நம்மவர்கள். மெட்டு இல்லாத அந்தக் கழுத்தில் கமகம் தடையில்லாமல் வழுக்கிப் போனது. அவ்வளவு மாற்றியவர்கள் இன்னும் மூன்று தந்தி கட்டியதில் என்ன வியப்பு?

ஆனால் விலை கொடுக்காமல் எதுவும் இல்லை. சாதாரண வயலினிலேயே நாலு தந்திகளின் மொத்த இழுவை 20 கிலோ எடைக்கு மேல். அதில் ஒரு பகுதி, தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரை வழியாக, சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனே உள்ள மேல்பலகையை அழுத்துகிறது. தந்தி கூடினால் அழுத்தம் கூடும். ஏழு தந்தியைத் தாங்கும் குதிரை அகலமாகவும் கனமாகவும் இருக்கும். குதிரையின் கனம் கூடினால் மேற்சுரங்கள் மழுங்கும். எதைப் பெற இத்தனை பாடோ, அதிலேயே கொஞ்சம் கழிகிறது.

அதைவிடக் கஷ்டம் சுருதி. 600இல் நிற்க வேண்டிய தந்தி 602இல் நின்றால், கீழ்த்தந்தியின் 600 என்ற மேற்சுரத்தோடு மோதி நொடிக்கு இரண்டு முறை 'வாவ் வாவ்' என்று விம்மும். கீழ்க்காற்றின் வறட்சியில் மரம் சுருங்கி, தந்தியை முறுக்கும் பிருடை நழுவும். இடுக்கிப் பக்கம் மூணாறு, பீர்மேடு ஈரத்தில் அதே பிருடை உப்பி இறுகி, திருக வராது. நாலு பிருடையோடு மல்லுக்கட்டுவதே பெரும்பாடு, இங்கே ஏழு. கமகத்தில் விரல் ஒரு ஜோடியை ஒருசேர இழுத்து இரண்டையும் சுருதியில் நிறுத்த வேண்டும். சௌடையாவின் விரலுக்கு அது வசப்பட்டது. 1957இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி கொடுத்தது. ஆனால் அவருக்குப் பின் அந்த வாத்தியம் பரவலாகவில்லை.

பரவாததற்கு இன்னொரு காரணம் மைக். சபா மேடைகளில் அது நிலைத்ததும், ஒலியைக் கடைசி வரிசைக்குத் தள்ளும் பொறுப்பு மின்சாரத்துக்குப் போய்விட்டது. பாலக்காடு மணி ஐயர் மட்டும் அதற்குச் சுலபமாகத் தலையாட்டவில்லை. மைக் வைத்தால் வாசிக்க மாட்டேன் என்று ஒரு காலத்தில் பிடிவாதமாக நின்றார். ஒலியியல் அவர் கட்சிதான். ஒலிபெருக்கி எல்லாச் சுரத்தையும் ஒரே மாதிரி பெருக்குவதில்லை. மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் எழும் கும்கியும் வலப்பக்க வலந்தலையின் மீட்டும் அதில் நிறம் மாறி வரும்.

1967இல் சௌடையா காலமானார். அவர் நினைவாகப் பெங்களூரில் 1980இல் ஓர் அரங்கம் திறந்தார்கள், வயலின் வடிவத்திலேயே, கழுத்தும் தந்தியுமாக. பந்தலில் கிடைக்காத சுவர் நாலு பக்கமும் அங்கே உண்டு. கச்சேரி நடப்பதென்னவோ மைக் வைத்துத்தான்.