வாயால் கேட்டால் பதிவில்லை

உழைக்கிறவர் திடீரென்று படுக்கையில் விழுந்தால், எங்கள் பக்கத்தில் முதலில் அடகுக்குப் போவது தோடு. அடுத்தது நுண்கடன். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் அந்தக் கடனுக்குக் கையெழுத்து வைக்க முன்னர் பிரதேச செயலகத்துக்கு ஒருமுறை போங்கள்.

நோயாளர், மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவுகளைச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேட்கலாம். பெரிய மருத்துவச் செலவென்றால் ஜனாதிபதி நிதியம் இருக்கிறது. அதற்காக முன்னர்போலக் கொழும்புக்கு அலையத் தேவையில்லை. 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவியிடம் மரணச் சான்றிதழ் கேட்பார்கள். பலர் அத்தோடு திரும்பிவிடுகிறார்கள். 2016 இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, மரணத்தைப் பதியாமல், அவர் காணாமற்போயுள்ளார் என்பதற்கான சான்றிதழைப் பெறலாம். நலன்புரி உதவிக்கு விண்ணப்பிக்க அது போதும். எடுத்தால் தேடுவதைக் கைவிட்டதாகிவிடுமோ என்ற பயம் விளங்காததல்ல. ஆனால் அது அவர் இறந்துவிட்டார் என்ற ஒப்புதல் அல்ல.

எதைக் கேட்டாலும் கடிதமாகக் கொடுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். "இப்ப நிதி இல்லை" என்று விதானையார் வாயால் சொன்னால் அது எங்கும் பதிவாகாது. அஸ்வெசும பட்டியலில் பெயர் ஏன் விடுபட்டது, விண்ணப்பம் யாரிடம் கிடக்கிறது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தகவல் தரப்படுமா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் தரவேண்டும். மேன்முறையீட்டுக்கு அந்தக் கடிதம்தான் தேவைப்படும்.