நமது செர்டாங்: மண்ணும் மக்களும்

"செர்டாங்" என்று சொன்னவுடன் வெளியூர்க்காரர்கள், "கோலாலம்பூருக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதுதானே?" என்று கேட்பார்கள். அது சிலாங்கூர் செர்டாங். கடல் தாண்டி வட சுமத்ராவில் டெலி செர்டாங் என்று ஒரு மாவட்டமே உண்டு. நாம் பேசப்போவது இந்த இரண்டையும் அல்ல. கெடாவின் தென்கோடியில், பண்டார் பாரு மாவட்டத்தில், பால்மரமும் செம்பனையும் சூழ்ந்திருக்கும் நம் சின்னஞ்சிறு செர்டாங்கைப் பற்றித்தான். மலாய் மொழியில் செர்டாங் என்பது விசிறி போன்ற ஓலையுடைய ஒருவகைப் பனைக்குப் பெயர்.

சென்ற தவணையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம், "நீங்கள் இருக்கும் இடத்தை வரைபடமாக வரையுங்கள்" என்றேன். கோயில், பள்ளி, பெரட்டுக்களம், ஆயாக்கொட்டகை என்று ஆளுக்கொன்றாக வரைந்தார்கள். ஒரு பையன் மட்டும் லயத்தில் பத்து வீடு வரைந்து, ஆறு வீட்டின்மேல் பெருக்கல் குறி போட்டிருந்தான். "இது என்னடா தம்பி?" என்றேன். "அவங்க போயிட்டாங்க சார்" என்றான். அந்தத் தாளை இன்னும் என் மேசையில் வைத்திருக்கிறேன். பூகோளமும் மக்கள்தொகையும் ஒரே தாளில் வந்துவிட்டன அல்லவா?

ஆறு போட்ட எல்லை

முதலில் மண்ணைப் பார்ப்போம். கூலிமிலிருந்து தெற்கே வந்தால் செர்டாங். கிழக்கே போனால் பேராக் மாநிலத்துச் செலாமா. தென்மேற்கே போனால் பண்டார் பாரு பட்டணம். அங்கே கிரியான் ஆற்றைக் கடந்தால் பேராக்கின் பாரிட் புந்தார். சற்றே மேற்கில் பினாங்கு மாநிலத்து நிபோங் திபால். மூன்று மாநிலங்கள் கைகோத்து நிற்கும் மூலை இது. ஒரு மாநிலத்தில் குடியிருந்து, இன்னொன்றில் வேலை பார்த்து, மூன்றாவதில் சாமான் வாங்குகிறவர்கள் இங்கே உண்டு.

இந்த எல்லைக்கும் ஒரு கதை இருக்கிறது. 1842-ல் நாடு திரும்பிய கெடா சுல்தான் கிரியான் பகுதியைத் தம் கையில் வைத்துக்கொண்டார். பேராக் அதை எதிர்த்தது. ஆங்கிலேயர் தலையிட்டு 1848-ல் கிரியானைப் பேராக்கிடம் திருப்பித் தரச் செய்தனர். ஆற்றின் அக்கரை அவர்களுக்கு, இக்கரை நமக்கு என்றாயிற்று.

ஆற்றோரத் தாழ்நிலம் நெல்லுக்கு உகந்தது. அக்கரையில் 1906-ல் முடிந்த கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் இந்நாட்டின் முதல் பெரிய பாசனத் திட்டம். மேட்டு நிலத்தில் தண்ணீர் தேங்காது. அதுவே பால்மரத்துக்கு வேண்டியது. ஆகவே பள்ளத்தில் வயல், மேட்டில் தோட்டம், இரண்டும் கூடும் சாலையில் கடைவீதி. நம் ஊரின் அமைப்பை ஒரே வரியில் சொன்னால் இவ்வளவுதான்.

தலைக்கணக்கு சொல்லும் கதை

கெடா 1909-ல் சயாமிடமிருந்து ஆங்கிலேயர் பொறுப்புக்கு வந்தது. 1911-ல் எடுத்த தலைக்கணக்கில் மாநிலம் முழுவதும் சுமார் 2 லட்சத்து 46 ஆயிரம் பேர்தான். 1931-ல் அது சுமார் 4 லட்சத்து 30 ஆயிரம் ஆயிற்று. அந்த இருபது ஆண்டுகளில்தான் தெற்குக் கெடாவில் காடு வெட்டித் தோட்டம் போட்டார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் பாட்டன்மார் பினாங்கில் இறங்கி, கங்காணியின் பின்னால் நடந்து வந்து சேர்ந்த காலம் அது.

பிறகு வந்தது இறக்கம். சிங்கப்பூர் உட்பட மலாயாவில் 1931-ல் 6 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல் இருந்த இந்தியர், 1947-ல் 6 லட்சத்துக்கும் குறைந்துவிட்டனர். ரப்பர் விலை விழுந்தபோது ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பலர். ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதைக்குப் போய் மீளாதவர்கள் பலர். "சயாமுக்குப் போனார், வரவில்லை" என்று ஒரு பெயரையாவது சொல்லாத பழைய குடும்பம் தோட்டத்தில் உண்டா?

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் தோட்டத் துண்டாடல் வந்தது. பெரிய தோட்டங்களைக் கூறு போட்டு விற்றார்கள். வேலையும் வீடும் ஒன்றாகப் போயின. அப்போதுதான் துன் சம்பந்தன் அவர்கள் தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி சேர்க்கச் சொல்லி, 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். 1969 முதல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, இன்னும் பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள்.

மரம் மாறியது, மனிதர் குறைந்தனர்

அதற்குப்பின் யாரும் அடித்து விரட்டவில்லை. மரம் மாறியது, அவ்வளவுதான். பால்மரத்துக்கு விடியற்காலையில் ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு கை வேண்டும். வெட்ட ஒருமுறை, பாலெடுக்க ஒருமுறை. கணவனும் மனைவியுமாக வேலை செய்வார்கள். செம்பனைக் குலையைப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அறுத்தால் போதும். ஆகவே ஓர் ஆள் பார்க்கும் நிலம் பல மடங்கு பெருகியது. அதே நிலம், அதே மழை. ஆனால் லயத்தில் பாதி வீடு போதும் என்றாகிவிட்டது. 1990-களில் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா வந்ததும் இளையவர்கள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிவிட்டார்கள்.

இன்று பண்டார் பாரு மாவட்டத்தின் பரப்பு சுமார் 270 சதுர கிலோமீட்டர். மக்கள் 40 ஆயிரத்துக்குச் சற்று மேல். பக்கத்துக் கூலிம் மாவட்டத்தில் சுமார் 3 லட்சம் பேர். சுங்கைப் பட்டாணி இருக்கும் கோலமூடாவில் 5 லட்சத்துக்கும் மேல். 2020 தலைக்கணக்கின்படி கெடாவில் 21 லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கிறார்கள். மாநிலம் வளர்கிறது, நம் மூலை அதே வேகத்தில் வளரவில்லை.

இது நமக்கு மட்டும் வந்ததன்று. அமெரிக்காவின் நடுமேற்கில் அயோவா, கான்சாஸ் என்று மாநிலங்கள் இருக்கின்றன. 1862-ல் வந்த சட்டப்படி குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்து ஆட்களைக் குடியேற்றினார்கள். சின்னச் சின்ன ஊர்கள் முளைத்தன. டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்தபின் ஒரே குடும்பம் பத்துக் குடும்பத்தின் நிலத்தை உழுதது. பிள்ளைகள் பட்டணம் போனார்கள். கான்சாஸின் பல கிராமப்புற வட்டாரங்களில் நூறாண்டுக்கு முன்பிருந்த அளவு ஆட்கள் இன்று இல்லை. முதலில் மூடியது கடை, அடுத்தது பள்ளிக்கூடம். வித்தியாசம் ஒன்றுதான்: அங்கே போனவன் நிலத்தை விற்றுவிட்டுப் போனான், நம்மவனுக்கு விற்க நிலமே இல்லை.

எண்ணப்படாதவன் இல்லாதவன்

1957-ல் இந்நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று 530-ஐ ஒட்டித்தான் இருக்கின்றன. தோட்டமே இல்லாமற்போன இடத்திலும் சில பள்ளிகள் பெயரில் "லாடாங்" என்ற சொல்லைச் சுமந்து நிற்கின்றன. பள்ளி, கிளினிக், சாலை எல்லாமே தலையை எண்ணித்தான் வருகின்றன. எண்ணிக்கையில் இல்லாதவன் திட்டத்திலும் இல்லை.

ஆகவே பெற்றோர்களே, சில காரியங்களைத் தள்ளிப்போடாதீர்கள். குழந்தை பிறந்தால் காலந்தாழ்த்தாமல் பிறப்புப் பத்திரம் எடுங்கள். பன்னிரண்டு வயதில் அடையாள அட்டைக்கு அழைத்துப் போங்கள். வீடு மாறினால் அட்டையில் விலாசத்தை மாற்றுங்கள். 2021 டிசம்பர் முதல் 18 வயதானோர் தாமாகவே வாக்காளராகப் பதிவாகிறார்கள். அட்டையிலுள்ள விலாசம்தான் தொகுதியைத் தீர்மானிக்கிறது. இடித்துவிட்ட லயத்தின் விலாசத்தில் ஓட்டு வைத்திருந்து என்ன பயன்? தலைக்கணக்கு எடுக்க வருகிறவர் கதவைத் தட்டினால், பயந்து உள்ளே போகாமல் வீட்டிலுள்ள அத்தனை பேரையும் சொல்லுங்கள்.

இன்னொன்று. வீட்டில் பாட்டி தாத்தா இருந்தால், எந்த ஊரிலிருந்து யார் வந்தார், எந்தத் தோட்டத்தில் எத்தனை ஆண்டு இருந்தார் என்று கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். அரசாங்கக் கணக்கில் எண்ணிக்கை மட்டுமே இருக்கும். பெயரும் கதையும் நம் நோட்டில்தான் இருக்கும்.

அந்தப் பையனிடம் மறுநாள் தாளைத் திருப்பிக் கொடுத்து, "போனவங்க எங்கே போனாங்கன்னு கேட்டு எழுது" என்றேன். சுங்கைப் பட்டாணி, பட்டர்வொர்த், ஜொகூர் என்று ஐந்து வீட்டுக்கு எழுதி வந்தான். ஆறாவது வீட்டுக்காரர் எங்கே என்று தோட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை.