விசிறி தாங்கும் மரம்

மண்கும்பானின் மணல்வெளியிலே, பனைகளின் நடுவே பிறந்து வளர்ந்தவர்கள் நாம். பனைக்குத் தாவரவியலார் இட்ட ‘பொராசசு பிளபெல்லிபர்’ என்னும் பெயரை இளமையிலேயே மனனஞ் செய்தோம். பின்னர்ப் பொருளறியாமலே பல்லாண்டு கற்பித்தும் வந்தோம். அண்மையில் மாணவி ஒருத்தி, பின்னிற்கும் சொல் எதனைக் குறிக்கின்றது என்று வினவினாள். விடை கூற இயலாது நாணி, வீடு திரும்பியதும் அகராதியைப் புரட்டலானோம்.

‘பொராசசு’ கிரேக்க வழியது, அது நிற்க. ‘பிளபெல்லிபர்’ என்பது இலத்தீன் மொழிப் பெயரடை. அம்மொழியில் ‘பிளாரே’ என்றால் ஊதுதல். அதன் வழி வந்தது ‘பிளபெல்லம்’, அதாவது விசிறி. (பணவீக்கத்தை ஆங்கிலத்தில் ‘இன்பிளேசன்’ என்கிறோமே, அதுவும் இவ்வினையின் வழித்தோன்றலே, ஊதிப் பெருத்தலன்றோ அது!) ஈற்றிலுள்ள ‘பெர்’, தாங்குதலைக் குறிக்கும் ‘பெர்ரே’ என்னும் வினையினின்று வந்தது. நாம் நாள்தோறும் வழங்கும் ‘பாரம்’ என்னும் வடசொல்லும் இதற்கு உறவு என்பர் மொழிநூலார். ஆகவே, ‘விசிறி தாங்கிய’ என்பது பொருள்.

மரத்துக்கு முன்னர் இச்சொல் மாந்தருக்கே உரியதாயிருந்தது. உரோம நாடகாசிரியர் பிளாட்டசு, பகட்டாக வாழும் பெண்ணொருத்தியின் பணியாளரை அடுக்குமிடத்து, விசிறி ஏந்தும் அடிமைப் பெண்களை இதனால் சுட்டுகிறார். கி.மு. 59இல் சிசரோ ஆற்றிய வழக்குரையிலோ, கலகத்தை மூட்டும் நாவுக்கு விசிறி உவமையாயிற்று. அடுப்பூதும் நம் தாய்மார் அவ்வுவமையை எளிதில் உணர்வர்.

1753ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டறிஞர் லின்னேயசு இதனைப் பனைக்குச் சூட்டினார். பின்வந்தோர் சிலர் ‘பிளபெல்லிபார்மிசு’, அதாவது ‘விசிறி வடிவான’ என்று எழுதினர். கொழும்பிலே 1850இல் வெளிவந்த பெர்குசனின் பனைநூலிலும் அப்பெயரே உண்டு. எனினும், முன்னிட்ட பெயரே இன்று நிலைத்துள்ளது. எமக்கும் அதுவே உவப்பு. வடிவு கண்ணுக்கு மட்டுமே தோன்றுவது. பனையோலையோ மெய்யாகவே விசிறியாகிக் கைக்கு வருகின்றதே!

1990இல் தீவைவிட்டு இடம்பெயர்ந்தபோது, எம் அன்னையார் எடுத்துவந்த சில பொருள்களுள் பனையோலை விசிறியும் ஒன்று. மின்சாரமற்ற அவ்வாண்டுகளில், இரவெல்லாம் எமக்குக் காற்று வீசியது அதுவே. விளிம்பு கிழிந்து, துணி வைத்துத் தைத்த அவ்விசிறியை மறுநாள் வகுப்புக்குக் கொண்டுசென்று, வினவிய மாணவியின் கையிலே கொடுத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினோம்.