நீலப் பட்டைத் தொப்பிக்கு எவ்வளவு அதிகாரம்?

லண்டன் ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் ரோந்து வரும் இருவரைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஒருவர் தொப்பியில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் இருந்தால் அவர் போலீஸ். மற்றவர் தொப்பியைச் சுற்றி வெறும் நீலப் பட்டை என்றால், அவர் போலீஸ் துறையின் சிவிலியன் ஊழியர். 'சமூக ஆதரவு அலுவலர்' என்பது பதவி. கேலிக்காரர்கள் வைத்த பெயர் 'பிளாஸ்டிக் போலீஸ்'.

கேலி செய்துவிட்டு நடையைக் கட்ட முடியாது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான 2002-ஆம் ஆண்டு போலீஸ் சீர்திருத்தச் சட்டம் இவர்களுக்கு நிஜமான அதிகாரங்களைத் தந்திருக்கிறது. தெருவில் குப்பை போட்டால் அபராதச் சீட்டு எழுதலாம். பொது இடத்தில் 18 வயது நிரம்பாதவர் கையில் மது இருந்தால் பறிமுதல் செய்யலாம். அடாவடி செய்பவரிடம் பெயர், முகவரி கேட்கலாம். சொல்ல மறுப்பதே குற்றம், 1,000 பவுண்டு வரை அபராதம்.

கைது செய்வார்களா? போலீஸுக்கு உள்ள கைது அதிகாரம் இவர்களுக்கு இல்லை. கான்ஸ்டபிள் வரும்வரை ஒருவரை 30 நிமிடம் நிறுத்திவைக்கலாம். அதுவும் அந்த வட்டாரப் போலீஸ் தலைமை அதிகாரி அனுமதித்திருந்தால்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வட்டாரப் போலீஸ் படைகள் 43. எல்லை தாண்டினால் அதே நீலப் பட்டைக்கு அதிகாரம் கூடலாம், குறையலாம். சாதாரண ஜனங்கள் குழம்பாமல் என்ன செய்வார்கள்?

குழப்பம் இதோடு நிற்கவில்லை. நகராட்சி ஊழியர்களுக்கும், தனியார் நிறுவனக் காவலாளிகளுக்கும்கூடப் போலீஸ் தலைமை அங்கீகாரம் தரலாம். அவர்களும் பெயர், முகவரி கேட்கலாம். ஆனால் யாரையும் நிறுத்திவைக்க முடியாது. 2017-இல் வந்த இன்னொரு சட்டம் சம்பளமில்லாத தன்னார்வலர்களுக்கும் அதிகாரம் வழங்க வழி திறந்தது. போலீஸுக்குரிய கைது, தெருவில் நிறுத்திச் சோதனையிடுவது போன்றவற்றை மட்டும் கான்ஸ்டபிள்களுக்கென்றே ஒதுக்கியது.

இத்தனைக்கும் நடுவில் பொதுமக்களுக்குச் சாதகமான ஒரு விதி 2002 சட்டத்திலேயே இருக்கிறது. சிவிலியன் ஊழியர் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தும்போது, எதிரில் நிற்பவர் கேட்டால், நியமன ஆணையையோ அங்கீகாரச் சான்றையோ எடுத்துக் காட்டியாக வேண்டும். "உங்கள் ஆணையைக் காட்டுங்கள்" என்று கேட்பது தகராறு ஆகாது. ஆனால் அதைக் காட்டிய பிறகும் பெயர் சொல்ல மறுத்தால், அந்த 1,000 பவுண்டு அபராதம் காத்திருக்கிறது.