விமானச் சண்டை: வேகம் மட்டும் போதுமா?

ஆம்பூரில் எங்கள் வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்களை நெட்வொர்க் கேபிளால் இணைத்து, நானும் தம்பியும் விமானச் சண்டை கேம் விளையாடுவோம். அவன் ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவன். நான் இன்ஜினியரிங் படித்தவன். ஆனால் தோற்பது எப்போதும் நான்தான்! ஜாய்ஸ்டிக்கை முழுதாக இழுத்து வளைவேன். அடுத்த நிமிடம் அவன் என் வாலுக்குப் பின்னால் இருப்பான். ஏன்?

விடை ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. விமானத்தின் கையிருப்பு இரண்டு: வேகம், உயரம். ஒன்றை இன்னொன்றாக மாற்றலாம். மணிக்கு 720 கி.மீ. வேகம் என்பது சுமார் 2,040 மீட்டர் உயரத்துக்குச் சமம். வேகம் பாதியானால் அது 510 மீட்டர்தான். முக்கால் பங்கு காலி! கடுமையாக வளையும்போது காற்றின் இழுவை கூடி, இந்தக் கையிருப்புதான் கரைகிறது. 1960களில் அமெரிக்க விமானப்படையின் ஜான் பாய்ட், கணித வல்லுநர் தாமஸ் கிறிஸ்டியுடன் சேர்ந்து, போர் விமானங்களை இதே அடிப்படையில் கம்ப்யூட்டரில் ஒப்பிட்டார்.

இனி 'ஹை யோ-யோ' என்ற உத்தியைப் பார்ப்போம். எதிரி வளைகிறார், உங்கள் வேகமோ அதிகம். அப்படியே துரத்தினால் அவரைத் தாண்டிப் போய், அவருடைய துப்பாக்கிக்கு முன்னால் நிற்பீர்கள். எனவே மூக்கை மேலே தூக்குங்கள். வேகம் உயரமாகச் சேமிக்கப்படும். வேகம் குறைவதால் வளைவும் சிறிதாகும். உச்சியில் புரண்டு, கீழே இறங்கி, அவர் பின்னால் வாருங்கள்.

உத்தியைவிட முக்கியம், முதலில் பார்ப்பது. 1971 நவம்பர் 22 அன்று போய்ராவில் பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் தரை இலக்குகளைத் தாக்கிக் கொண்டிருந்தன. மாஸி, சோரஸ், கணபதி, லாசரஸ் ஆகியோர் 4 குட்டி 'நாட்' விமானங்களில், இரண்டிரண்டாகப் பிரிந்து பாய்ந்தார்கள். 2 சேபர்கள் விழுந்தன. இன்னொன்று அடிபட்டுத் தப்பியது. நாட் விமானம் ஒன்றுகூட விழவில்லை.

இன்று ஏவுகணைகள் வெகுதூரத்திலிருந்தே வருகின்றன. அவற்றிடமிருந்து தப்பவும் இதே கையிருப்புதான் வேண்டும்.

நீங்களே சோதிக்கலாம். இலவசமாகக் கிடைக்கும் 'ஃபிளைட்கியர்' சாஃப்ட்வேரில் த்ராட்டிலைத் தொடாமல், உயரம் மாறாமல், கடுமையாக ஒரு முழு வட்டம் அடியுங்கள். வேகமானியைக் கவனியுங்கள். பிறகு மேலேறி இறங்கி அதே வட்டத்தை அடியுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால் விஷயம் புரிந்துவிடும்.

போன வாரம் தம்பியை முதன்முறையாக வீழ்த்தினேன். அவன் இந்தக் கட்டுரையைப் படிக்காமல் இருக்க வேண்டும்!