கோர் கூல்... மெமரி கொதிக்குது! செகண்ட் ஹேண்ட் மைனிங் கார்டு வாங்கும் முன் பார்க்க வேண்டியது என்ன?

ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு செகண்ட் ஹேண்டில் மலிவா கிடைக்குதா? அது கிரிப்டோ மைனிங்கில் ஓடிய கார்டாக இருக்கலாம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் முறையைக் கைவிட்டதும், இப்படிப்பட்ட கார்டுகள் ஏராளமாக விற்பனைக்கு வந்தன.

மைனிங் கார்டு என்றாலே வேஸ்ட்டா? அப்படிச் சொல்ல முடியாது. எவ்வளவு சூட்டில் ஓடியது என்பதுதான் கேள்வி.

என்ன சிக்கல்?

இந்தக் கார்டின் கோருக்கு என்விடியா சொல்லும் உச்சவரம்பு 93 டிகிரி செல்சியஸ். ஆனால், எத்தீரியம் மைனிங்கில் கோரைவிட மெமரிக்குத்தான் வேலை அதிகம். கோர் 60 டிகிரியில் இருக்கும்போதே மெமரி 100-ஐத் தாண்டிவிடும். 110-ஐத் தொட்டால் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

எப்படிச் செக் பண்றது?

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 'மெமரி ஜங்ஷன் டெம்பரேச்சர்' தெரியும். அரை மணி நேரம் ஹெவியான கேம் ஓடவிட்டுப் பாருங்க. 95-க்குள் நின்றால் நிம்மதி. 105-ஐத் தாண்டினால், மெமரிக்கும் ஹீட்சிங்க்கிற்கும் நடுவில் உள்ள தெர்மல் பேட் காய்ந்திருக்க வாய்ப்புண்டு. புது பேட் போட்டாலே சூடு குறையலாம். அந்தச் செலவையும் சேர்த்துப் பேரம் பேசுங்க.

விற்பவர் கோர் வெப்பநிலை ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்புறாரா? மெமரி எவ்வளவுன்னு கேட்டுட்டு, அப்புறம் பணம் போடுங்க.